பக்கத்து வீட்டில் முதலில் விழும் விக்கெட்

அன்றைக்கு நான் அடுப்படியில் காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் யாரோ சிரித்தார்கள்.

ஆண் குரல். வயிற்றிலிருந்து கிளம்பி வருகிற சிரிப்பு. யாரோ விருந்தாளி வந்துவிட்டார் என்று நினைத்து இன்னொரு டம்ளர் தண்ணீரைச் சேர்த்து ஊற்றினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, 'வாங்க' என்று சொல்ல வாயைத் திறந்தபடியே எட்டிப் பார்த்தால், ஹாலில் என் வீட்டுக்காரர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார். எதிரே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

என் புருஷனுடைய சிரிப்பு எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் சிரித்து அவ்வளவு காலம் ஆகியிருந்தது.

அந்தக் கூடுதல் டம்ளர் காபியை நானே குடித்தேன். மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே குடித்ததில் அது ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

போன வாரம் நான் எழுதிய கோழிக்கூட்டுக் கதையைப் படித்துவிட்டு, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். "கோழிய பத்தியெல்லாம் எழுதுறீங்க அண்ணி, எங்கண்ணன பத்தி எப்பதான் எழுதுவீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவரிடமே போய், எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. நல்லவன்னு மட்டும் எழுதிடாத. பக்கத்து வூட்ல கலியபெருமாளு படிச்சிட்டு சிரிப்பான்" என்றார்.

சரி, நல்லவர் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

சத்தமில்லாத டி.வி.

என் வீட்டுக்காரர் பெயர் சவரிமுத்து. நெய்வேலியில் பெல்ட் என்றால் யாரும் இடுப்பில் கட்டுவதை நினைக்க மாட்டார்கள். மைன்ஸில் மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகிற பெல்ட் அது. அதை இழுக்கிற மோட்டார்களுக்குப் பக்கத்தில்தான் அவருக்கு வேலை. இப்போது ஸ்டோர்ஸில் ஜெனரல் ஷிப்ட், பகல் வேலை மட்டும். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் அந்த மோட்டார்களுக்கு நடுவேதான் நின்றார். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவனைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்த காலம் அது. இவரும் கேலி செய்தவர்களில் ஒருவர்.

எங்கள் குவார்ட்டர்ஸ் இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கலியபெருமாள் அண்ணன். அவரும் மைன்ஸ்தான். அவர் சம்சாரம் செல்வி அக்கா.

ஷிப்ட் வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். நைட் ஷிப்ட் போய் வந்தவர் பகலில் தூங்குவார். அந்த வாரம் முழுவதும் வீடே காலை எடுத்து மெதுவாக வைக்கும். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்வி அக்கா, "தங்கச்சி, இந்த வாரம் உங்க அண்ணன் நைட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் வீட்டு டி.வி.யிலும் சத்தம் போய்விடும். இவருக்கு நைட் என்றால் அவர்கள் வீட்டிலும் அப்படியே. யாரும் யாரையும் கேட்டதில்லை. அதுதான் வழக்கம்.

அதனால் ஊமைப் படம் பார்ப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். சமையல் நிகழ்ச்சியை நான் கையைப் பார்த்தே எழுதிக்கொள்வேன். எங்கள் மகள் ஜெனிட்டா சின்னவளாக இருந்தபோது, வாயசைவுக்கு ஏற்றபடி தானே வசனம் சொல்வாள். அவள் வசனத்தில் கதாநாயகன் கதாநாயகியிடம் எப்போதும் சோறுதான் கேட்பான். வில்லன் வந்து, "எனக்கும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்பான். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சிரிப்புக்கும் சத்தம் வரக்கூடாதே.

பிறகு ஜெனிட்டா படித்து முடித்து சென்னைக்கு வேலைக்குப் போனாள். இவருக்கு ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது. கலியபெருமாள் அண்ணனுக்கும் நைட் நின்றுபோனது. ஆனாலும் இவர் மட்டும் டி.வி.யைச் சத்தமில்லாமலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளாவது ரிமோட்டை எடுத்துச் சத்தம் வைத்ததில்லை.

பழக்கம் விடவில்லை என்று நான் நினைத்தேன். "உங்க வூட்டுக்காரருக்குத்தான் எவ்ளோ தன்மை. இன்னும் அடுத்தவங்க தூக்கத்த நெனைச்சிகினு இருக்காரு" என்று செல்வி அக்கா சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்தத் தப்பை வேறு ஊரில் இருப்பவர்கள் செய்திருக்க மாட்டார்கள்.

குடிலும் எவர்சில்வர் மூடியும்

அப்போது எங்களுக்குக் கேபிள்தான். கம்பத்திலிருந்து கொய்யா மரத்துக்கு மேலே வந்து ஜன்னல் வழியாக நுழைகிற கறுப்பு வயர். ஞாயிற்றுக்கிழமை உடம்பு முடியாமல் கோயிலுக்குப் போக முடியாவிட்டால் நான் அதில்தான் பூசை பார்ப்பேன். அவருக்கு அதில் கிரிக்கெட். கிரிக்கெட்டுக்கு வசனம் தேவையில்லை. பந்து தெரிந்தால் போதும்.

ஒரு தடவை மேட்ச் வருகிற நேரத்தில் அந்தச் சேனலில் ஏதோ பழைய மேட்சைப் போட்டுக்கொண்டிருந்தான். கேபிள்காரர் மணியைக் கேட்டால், "இந்த மேட்செல்லாம் இப்ப நெட்டு ஆப்லதான் வருது அக்கா. கேபிள்ல வேணும்னா பெரிய பேக்கேஜ் போடணும், காசு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

அதோடு அவர் ஹாலுக்கு வருவதே நின்றுபோனது.

வேலை விட்டு வந்தால் பின்பக்கம் போய்விடுவார். பைக்கைத் துடைப்பார். துடைத்த பைக்கையே மறுபடி துடைப்பார். சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே எடுத்துப் போய்விடுவார். கல்யாணம், காரியம் என்று யார் கூப்பிட்டாலும், "நீ போயிட்டு வா" என்பார். சாயங்காலம் ஜெபமாலைக்கு மட்டும் வந்து முட்டி போடுவார். அதிலும், ஒருவர் முன்பாதியைச் சொல்லி முடித்த பிறகுதானே மற்றவர் பின்பாதியைத் தொடங்க வேண்டும்? நான் பாதியில் இருக்கும்போதே இவர் தொடங்கிவிடுவார். சில சமயம் நான் முடித்துவிட்டுக் காத்துக்கொண்டே இருப்பேன், இவர் பேசாமல் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனசு ஜெபத்தில் இல்லை என்று முழங்கையால் இடிப்பேன்.

இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்த மனுஷன் என்னை விட்டு ஒதுங்கிப் போகிறாரே, நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் நவநாள் ஜெபம் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் திரும்பவும் ஹாலில் வந்து என்னோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஜெனிட்டா வந்தாள். கிறிஸ்துமஸ் குடிலுக்காக மட்டும் அவர் ஹாலுக்கு வந்து, ஒரு மூலையில் அதைக் கட்டிக்கொண்டிருந்தார். வைக்கோலைக் கத்தரித்துக் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஜெனிட்டா பின்னாலிருந்து, "அப்பா, நட்சத்திரம் எங்க?" என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். வைக்கோல்தான் ஒட்டப்பட்டது.

அவள் நேரே அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காது கேக்கலம்மா."

"வாயக் கழுவுடி. நேத்துகூட என்கிட்ட நல்லாத்தான் பேசிகினு இருந்தாரு."

"அவரு பேசுவாரு. நாம பேசறது அவருக்குக் கேக்குதா?"

நான் பதில் சொல்வதற்குள் பெரிய குண்டானின் எவர்சில்வர் மூடியை எடுத்துப் போய், அவர் முதுகுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் போட்டாள்.

அது சுழன்று சுழன்று அடங்குவதற்குள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்வி அக்கா, "என்னா தங்கச்சி வுழுந்துது? யாருக்கும் அடி படலியே?" என்று குரல் கொடுத்தார்.

அவர் இன்னொரு வைக்கோலை எடுத்து, நீளம் பார்த்து, கத்தரித்து ஒட்டினார்.

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊமை டி.வி., ஜெபமாலை, பின்பக்கத்து பைக் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்குப் புரிந்தன.

அன்று சாப்பிடும்போது ஜெனிட்டா மெதுவாகப் பேச்சை எடுத்தாள். கடலூரில் ஒரு நல்ல காது டாக்டர் இருக்கிறாராம். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கென்னா கொறை? நீங்க ரெண்டு பேரும் வாய்க்குள்ளயே பேசிக்கிறீங்க. மைன்ஸ்ல வந்து பேசிப் பாருங்க, எப்பிடிப் பேசணும்னு தெரியும்."

"ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம்பா."

"எதுக்கு? காதுல மிஷின மாட்டிகினு கோயிலுக்குப் போவவா? கெழவன் வரான் வழி வுடுங்கன்னு போர்டு மாட்டிக்கணுமா?"

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். ஜெனிட்டாவுக்கும் அப்பாவின் பிடிவாதம் உண்டு. வேறு வழியாக வந்தாள்.

மணியின் ஏணி

லீவிலேயே சில நாள் அவளுக்குக் கம்ப்யூட்டரில் வேலை இருந்தது. அதைச் சாக்காக வைத்து, கேபிளை எடுத்துவிட்டு நெட் போடச் சொன்னாள். படம், கிரிக்கெட் எல்லாம் அதிலேயே வருமாம். எனக்கு இஷ்டமில்லை. கேபிள் போனால் பூசை போய்விடுமே.

நெட் போட யார் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? கேபிள்காரர் மணியேதான். அதே ஏணி, அதே பை.

"என்னா மணி, ஒன் வயர நீயே புடுங்கறியே, மனசுக்குக் கஷ்டமா இல்ல?"

"எதுக்கு அக்கா கஷ்டம்? அந்த வயரு போனா இந்த வயரு. நானே இப்ப வடலூரு வரைக்கும் நெட்டுதான் குடுத்துகினு இருக்கன்."

"அது சரி. ஞாயித்துக்கெழம பூசை வருமா?"

"பூசைதான? வேளாங்கண்ணி பூசை வேணுமா, ரோம் பூசை வேணுமா சொல்லுங்க. போப்பாண்டவரே வருவாரு வூட்டுக்கு."

என் வீட்டுக்காரர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். மணி மேலே இருந்து, "அண்ணே, ஏணிய கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளுங்க" என்றதும் நான்தான் ஓடிப்போய்த் தள்ளினேன்.

கீழே ஓடும் எழுத்து

அன்றே ஜெனிட்டா ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டாள். படத்துக்குக் கீழே தமிழில் எழுத்து ஓடியது. யார் என்ன பேசினாலும் அது எழுத்தாக வந்தது.

ஹால் வழியாகப் போன அவர் நின்றார். "என்னா இது, கீழ எழுத்து வருது?"

ஜெனிட்டா அவர் முகத்துக்கு நேரே திரும்பிச் சொன்னாள். "எனக்காகத்தாம்பா வச்சேன். அம்மா எப்பப் பாத்தாலும் மிக்ஸி போட்டுகினு இருக்காங்க. ஒரு வசனம்கூடக் கேக்க மாட்டேங்குது."

நான் ஏன் மிக்ஸி போடவில்லை என்று அவள் கண்ணாலேயே அதட்டினாள். நான் போய், ஒன்றும் போடாத மிக்ஸியை ஓட்டிவிட்டு வந்தேன். கர்த்தர் மன்னிப்பார்.

அவர் முதலில் நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியின் கையில் சாய்ந்தார். பிறகு உட்கார்ந்தார்.

ஜெனிட்டா சென்னைக்குக் கிளம்பிப் போன பிறகு, ஒரு மத்தியானம் அவராகவே டி.வி.யைப் போட்டார். அன்றைக்குத்தான் நான் விருந்தாளி வந்திருப்பதாக நினைத்துக் காபி வைத்தேன்.

அந்த எழுத்தில் பேச்சு மட்டும் வருவதில்லை. சத்தத்தையும் எழுதிவிடுகிறார்கள். கதவு தட்டும் ஓசை. தூரத்தில் ரயில். அவர் அதையெல்லாம் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். "நாய் கொலைக்குதாம்." "கண்ணாடி ஒடையுதாம்." ஒரு தடவை, "மழை பேயிற சத்தமாம்" என்று படித்துவிட்டு, அடுத்த வசனத்தைப் படிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எல்லாப் படத்திலும் தமிழ் எழுத்து வராது. பாதிக்கு மேல் இங்கிலீஷ். எட்டாவது படித்த எனக்கும் சரி, அவருக்கும் சரி, அது உதவாது. தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரிமோட்டிடம் பேசினால் அதுவே தேடித் தரும் என்று ஜெனிட்டா சொல்லியிருந்தாள். நானும் ரிமோட்டை வாய்க்குக் கிட்டே பிடித்து, "தமிழ் எழுத்து போட்ட படம்" என்றேன். அது ஒரு யானைக்குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து, அ ஆ இ ஈ என்று பாட விட்டது. அவர் அதையும் முழுசாகப் பார்த்தார். "நல்லாத்தான் சொல்லித் தருது" என்றார்.

ஹாலுக்கு வந்துவிட்டார். சோற்றுத் தட்டும் ஹாலுக்கு வந்தது. அந்தோணியாரிடம் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் காது என்ற வார்த்தை மட்டும் எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை. நான் பேச வேண்டியதை அவருக்கு எதிரே போய் நின்று பேசினேன். அவர் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அது இரண்டு பேருக்குமே தெரியாத மாதிரி நடந்துகொண்டோம். வெளியே போக அவர் இன்னும் மறுத்துக்கொண்டுதான் இருந்தார்.

சுவரில் வைத்த கை

பிறகு கிரிக்கெட் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இந்தியா ஆடுகிற மேட்ச். அவர் நாற்காலியில். நான் கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பக்கத்து வீட்டில் கலியபெருமாள் அண்ணன் "அவுட்டு" என்று கத்தினார். எங்கள் டி.வி.யில் பவுலர் அப்போதுதான் பேண்ட்டில் பந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் டி.வி.யிலும் ஸ்டம்ப் பறந்தது.

இதே மாதிரி மறுபடியும் நடந்தது. அப்புறம்தான் எனக்கு விளங்கியது. அவர்கள் வீட்டில் இன்னும் கேபிள்தான், பெரிய பேக்கேஜ். எங்களுக்கு நெட்டில் வருவது அரை நிமிஷம் பிந்தி வருகிறது. அங்கே விழுந்த விக்கெட் கொஞ்சம் கழித்துத்தான் இங்கே விழும்.

இவருக்கு அது எதுவும் கேட்காது. எனக்குக் கேட்கும். அங்கே சத்தம் எழுந்தால் நான் பூண்டை வைத்துவிட்டு இவர் முகத்தைப் பார்ப்பேன். சிக்ஸர் வரப்போகிறது, இவர் தொடையைத் தட்டப் போகிறார் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். சினிமா பார்ப்பதைவிட அது நன்றாக இருந்தது.

"என்னா, டி.வி.ய வுட்டுட்டு என் மூஞ்சிய பாத்துகினு இருக்க?"

"சும்மாத்தாங்க."

சொல்லி முடிக்கவும் டி.வி.யில் பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அவர் டி.வி.யைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுதா?"

பொய் சொல்ல வரவில்லை. அவருக்கு எதிரே நகர்ந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "அந்த வூட்ல அண்ணன் கத்துறாருங்க. அவங்களுக்கு முன்னாடி வந்துடுது. நமக்கு அரை நிமிஷம் கழிச்சித்தான் வருது."

அவர் சுவரைப் பார்த்தார்.

"இப்ப கத்துனானா?"

"ஆமாங்க."

"எவ்ளோ சத்தமா?"

"தெருவுக்கே கேக்கும்" என்றேன்.

அவர் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். முதுகைக் காட்டி நிற்கவில்லை. என் வாய் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நின்றார். டி.வி. அது பாட்டுக்கு ஓடியது. அண்ணன் அடுத்து எப்போது கத்துவார் என்று இருவரும் காத்திருந்தோம். நான் உள்ளுக்குள் 'யேசுவே, யேசுவே' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் அண்ணனும் செல்வி அக்காவும் சேர்ந்து கத்தினார்கள். நாற்காலி வேறு நகர்ந்தது.

"இப்ப" என்றேன்.

அவர் கையை எடுக்காமலேயே நின்றார். "சொவரு அதிருது ஸ்டெல்லா. கையில தெரியுது. ஆனா எனக்கு ஒண்ணுமே கேக்கல."

இத்தனை காலத்தில் அன்றுதான் அவர் வாயால் அதைச் சொன்னார்.

நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன். டி.வி.யில் ஃபோர் போனது. அதை இருவருமே பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஜெனிக்குப் போன் போடு. அந்த டாக்டரு கடலூர்ல எங்க இருக்காருன்னு கேளு" என்றார்.

கண்ணாடி அறை

கடலூரில் அவரை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் போன் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூல் பையன் மாதிரி முட்டியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் விரல் எழவில்லை. ஜெபமாலை என் இடுப்பில் இருந்தது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, பயந்து பயந்து, ஒரு விரல் எழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை.

போன கேட்கும் சக்தி முழுசாகத் திரும்பாது, இருப்பதை மிஷின் தூக்கிக் கொடுக்கும் என்றார் டாக்டர். அந்த மட்டுக்கும் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிஷின் மாட்டிய முதல் வாரம் வீட்டில் ஒரே சண்டை. "இந்த ஃபேன் என்னா இப்பிடிக் கத்துது? நீ எப்பவும் இப்பிடித்தான் பாத்திரத்தப் போட்டு ஒடைப்பியா? வூட்டுக்குள்ள இவ்ளோ சத்தமா இருக்கும்?" கழற்றிக் கழற்றி வைப்பார். ஜெனிட்டா போனில் கெஞ்சுவாள். மறுபடி மாட்டுவார். முதல் ஞாயிறு கோயிலுக்கு அதை மாட்டிக்கொண்டு வரவில்லை. அடுத்த ஞாயிறு மாட்டிக்கொண்டு வந்தார். பின்வரிசைதான். ஆனாலும் வந்தார்.

மறுபடி ஒரு மேட்ச் நாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கடைசி ஓவர்கள். எங்கள் டி.வி.யில் பவுலர் ஓடிவரத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் அண்ணன் கத்தினார்.

இவர் தலை சடக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பியது. முகம் கடுகடுவென்று ஆனது. எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வேலிக்குப் போனார். நான் கீரையை மடியில் கட்டிக்கொண்டு வாசற்படிக்கு வந்தேன்.

"யோவ் கலியபெருமாளு. கொஞ்சம் வாய மூடிகினு பாருய்யா. எனக்கு இன்னும் பாலே போடல, அதுக்குள்ள அவுட்டுங்கற."

அண்ணன் வெளியே வந்தார். லுங்கியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இவர் காதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கேட்டுதாய்யா உனக்கு?"

"கேக்காம? மாடு மாதிரி கத்துனா கேக்காதா?"

அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பினார். "ஏ செல்வி, இங்க வா. சவரிக்குக் கேட்டுடுச்சாம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். செல்வி அக்கா கரண்டியோடு ஓடிவந்தார். வந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். இவர் மிஷினைக் காதிலிருந்து எடுத்து வேலிக்கு மேலே நீட்டிக் காட்டினார். அண்ணன் அதை உள்ளங்கையில் வாங்கி, கோழிக்குஞ்சைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் திரும்பி ஹாலைப் பார்த்தேன். எங்கள் வீட்டு விக்கெட் அப்போதுதான் விழுந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.